பிரேக் அடித்தால் பிரீமியம் ஏறும்!

போன் அலறியபோது அவள் பாதித் தூக்கத்தில் இருந்தாள்.

மாலை ஆறு மணி. விடுமுறை நாள் தலைவலிக்கு மதியம் போட்ட மாத்திரை இன்னும் கண்ணை அழுத்தியது.

தலைமாட்டில் துழாவினாள்.

போன் இல்லை!

சத்தம் கூடத்திலிருந்து வந்தது. தள்ளாடிப் போய்ப் பார்த்தாள். சாப்பாட்டு மேஜையில், பழக்கூடைக்குப் பக்கத்தில் கிடந்தது.

'நான் இங்கே வைக்கவே இல்லையே...'

"ஹலோ?"

"இன்ஸ்பெக்டர் பேசறேன். உங்க வீட்டு வாசல்லதான் நிக்கறேன். கதவைத் திறங்கம்மா, பெல் அடிக்க மாட்டேங்குது!"

அடிக்காது. பேட்டரி தீர்ந்து எட்டு மாதம். ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்று எங்காவது போடட்டும் எனக் கணவன் காத்துக்கொண்டிருந்தான்.

தெருவே அவனுக்கு வைத்த பெயர் 'தள்ளுபடி'.

கதவைத் திறந்தாள்.

"கார் உங்க பேர்லதானே?" இன்ஸ்பெக்டர் உட்காரவில்லை.

"ஆமா சார்..."

"முன் விளக்கு உடைஞ்சிருக்கு. பம்பர்ல ரத்தம். சாயங்காலம் நாலு பன்னிரண்டுக்குப் பழைய கிடங்குத் தெருவுல ஒருத்தரை அடிச்சுக் கொன்னிருக்கு!"



"யா... யாரு சார்?"

"உங்க இன்ஷூரன்ஸ் கம்பெனி ஆய்வாளர். அஞ்சு வருஷமா எந்த விபத்தும் இல்லைன்னு ஒரு கடிதம் குடுத்துப் பாதி பிரீமியம் கட்டியிருக்கீங்க. அது போலிக் கடிதம்னு அவர் கண்டுபிடிச்சிட்டார். நாளைக்கு உங்க மேல புகார் குடுக்கறதா இருந்தார்."

"நான் எந்தக் கடிதமும் குடுக்கலை சார்!"

"கையெழுத்து உங்களுது."

ஞாபகம் வந்தது. எத்தனையோ நாள் காலை அவசரத்தில், மருந்துக்கடைக்கு வேலைக்குக் கிளம்பும்போது, அவன் பென்சிலால் பெருக்கல் குறி போட்ட இடங்களில் எல்லாம் கையெழுத்துப் போட்டிருக்கிறாள். படித்துப் பார்த்ததில்லை. ஊரார் மருந்துச்சீட்டை மூன்று தரம் படிப்பவள்!

உள் அறையிலிருந்து கணவன் வந்தான். முகத்தில் பவுடர். சட்டை அப்போதுதான் போட்டது.

"என்ன சார்? என்னாச்சு?"

சொன்னார்.

"ஐயையோ!" தலையில் கை வைத்துக்கொண்டான். "நான் மத்தியானம் பூரா மாடியில தூங்கிட்டிருந்தேன் சார். ஏம்மா... எங்கேயாவது வெளியே போனியா?"

அந்த 'ஏம்மா'வில் இருந்த இனிப்பு! பதினோரு வருடத்தில் இவ்வளவு இனிப்பை அவன் செலவழித்ததில்லை.

"நானும் தூங்கிட்டுதாங்க இருந்தேன்..."

"உங்க போன் தூங்கலையேம்மா!" இன்ஸ்பெக்டர் குறுக்கிட்டார். "மூணரைக்கு அதுலேர்ந்துதான் அவருக்குச் செய்தி போயிருக்கு. 'பேப்பர் தர்றேன், கிடங்குத் தெருவுக்கு வாங்க'ன்னு. கார்ல இருக்கிற கருவியும் உங்க பேரைத்தான் சொல்லுது."

அந்தக் கறுப்புப் பெட்டி!

பிரீமியத்தைக் குறைப்பதென்றால் அவனுக்குத் தவம். ஆறு கம்பெனிக்குப் பேசி, ஒருவன் சொன்ன விலையை இன்னொருவனிடம் சொல்லிக் குறைப்பான். சின்னச் சேதத்தை நாங்களே பார்த்துக்கொள்கிறோம் என்று எழுதிக் கொடுத்துக் குறைப்பான். அவளுடைய லைசென்ஸில் ஒரு கறையும் இல்லை என்பதால் பாலிசியையே அவள் பெயருக்கு மாற்றிக் குறைத்தான். இந்தக் கல்யாணத்தில் அவனுக்குக் கிடைத்த ஒரே லாபம் அதுதான் என்று அவளுக்கு ஒரு எண்ணம்.

கடைசியாக வந்தது பெட்டி. ஸ்டியரிங்குக்குக் கீழே உட்கார்ந்து ஓட்டுவதைக் கவனிக்கும். யாருடைய போன் காரில் இருக்கிறதோ அவர் பெயரில் பயணத்தை எழுதிக்கொள்ளும். வேகம் அறுபதைத் தாண்டினாலும், திடீரென்று பிரேக் அடித்தாலும் மார்க் போகும். மார்க் குறைந்தால் தள்ளுபடி போகும்.

அவள் நாய்க்கு நிற்பாள். பூனைக்கு நிற்பாள். காற்றில் பறக்கும் பிளாஸ்டிக் பைக்குக்கூட நிற்பாள்!

"உன் காலை வெட்டிப் போட்டாதான் நம்ம பிரீமியம் குறையும்" என்று தினமும் சாப்பாட்டு நேரத்தில் அர்ச்சனை.

"கம்பெனி இடத்தையும் நேரத்தையும் பேரையும் குடுத்துட்டாங்க," என்றார் இன்ஸ்பெக்டர். "கிளம்புங்கம்மா."

"போயிட்டு வாம்மா," என்றான் கணவன் கரகரத்த குரலில். "நல்ல வக்கீலா பார்க்கறேன்."

விலை குறைந்த வக்கீலாகத்தான் இருப்பான்.

போனைத் திறந்தாள். பெட்டியின் கணக்கு அதில் வரும். இன்றைய பயணம்...

100/100.

பார்த்துக்கொண்டே நின்றாள்.

அவள் வாங்கிய அதிகபட்ச மார்க் ஐம்பத்துமூன்று!

பயம் எங்கே போனது என்று தெரியவில்லை. அந்த இடத்தில் ஒரு சிரிப்பு வந்து உட்கார்ந்துகொண்டது. ஒரு மனிதனைக் கொல்லப் போகும்போதுகூட, பெண்டாட்டி பேரில் பழியைப் போடும்போதுகூட... தள்ளுபடியை விட மனசு வரவில்லை இவனுக்கு! இந்த அற்பத்துக்கா பதினோரு வருடம் பயந்தேன்?

நூறு மார்க்கைக் காட்டினால் போலீஸ் நம்புமா? நம்பாது. இவன் வாயிலிருந்தே வர வேண்டும்.

அவன் வாய் எதற்குத் திறக்கும் என்று உலகத்தில் அவளுக்குத்தான் தெரியும்.

போனை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"ஏங்க... கம்பெனியிலேர்ந்து ஒண்ணு வந்திருக்குங்க."

"என்ன?"

"இன்னிக்குப் பயணத்துக்கு முப்பத்தெட்டு மார்க்குதானாம். மூணு தடவை திடீர் பிரேக்காம். அதனால..."

"அதனால?"

"இந்த வருஷத் தள்ளுபடி மொத்தமும் ரத்தாம்."

அவன் முகம் கறுத்தது.

"முப்பத்தெட்டா?"

"மோசமான டிரைவர்னு போட்டிருக்கான்."

"யாரு மோசம்? அயோக்கியப் பசங்க!" பாய்ந்தான். "மூணு பிரேக்கா? ஒண்ணுகூட இல்லைடி! வேகம் அறுபதைத் தாண்டலை! கிடங்கு முனையில ஒரு நாய் குறுக்கே வந்துச்சு, அதுக்கே நான் பிரேக்கைத் தொடலை! அந்தாளு ரெண்டு கையையும் நீட்டிக் கத்தினான்... அப்பகூட என் கால் அந்தப் பக்கம் போகலை! முப்பத்தெட்டாம்ல, முப்பத்தெ..."

நின்றான்.

இன்ஸ்பெக்டர் ஓரடி முன்னால் வந்தார்.

"மாடியில தூங்கிட்டே இவ்வளவு தூரம் ஓட்டினீங்களா சார்?" என்றார் இன்ஸ்பெக்டர், விலங்கை எடுத்தபடி.

அவள் போனைத் திருப்பிக் கணவன் கண்ணெதிரே பிடித்தாள்.

"நூத்துக்கு நூறுங்க. நீங்க சொன்னது சரி. பிரேக்கே படலை."

அந்த எண்ணைப் பார்த்ததும், விலங்கு மாட்டிய நிலையிலும், அவன் முகத்தில் ஒரு கணம்... ஒரே ஒரு கணம்... பெருமை வந்து போனது!

தூ!

ஜீப் தெரு முனை திரும்பும்வரை வாசலில் நின்றாள். பிறகு உள்ளே வந்து, முகம் கழுவி, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கம்பெனிக்குப் போன் செய்தாள்.

"வணக்கம் மேடம், என்ன உதவி வேணும்?"

"பாலிசியிலேர்ந்து ஒரு டிரைவர் பேரை எடுக்கணும்..." என்றாள் நிதானமாக. "பிரீமியம் எவ்வளவு குறையும்?"