இத்தா வீட்டில் ஒரு கண்

கேமராவின் தலை சமையற்கட்டைப் பார்த்துத் திரும்பியிருந்தது.

காலையில் அது வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தது; ஷமீராவுக்கு நன்றாக நினைவிருக்கிறது. போன விடுமுறையில் கணவன் சுஹைப் ஹாலில் மாட்டிவிட்டுப் போனது. ஷார்ஜாவில் இருந்தபடியே போனில் அதைத் திருப்புவான், அதன் வழியாகவே பேசுவான். "முக்காட்டப் போடு ஷமீ. வாசக்கதவு தொறந்திருக்கு."

அவன் மவுத்தாகிப் பத்தொன்பது நாள். அடக்கமும் அங்கேயே முடிந்துவிட்டது.

இத்தா இருக்கும் விதவைமேல் நான்கு மாதம் பத்து நாளைக்கு அந்நிய ஆண் கண் படக்கூடாது. அதனால் அந்தக் குடவாசல் வீட்டு ஜன்னல்களுக்கெல்லாம் மாமியார் பர்வின் போர்வை கட்டியிருந்தாள். ரைஸ்மில்லின் புழுங்கல் வாடைகூட அந்தப் போர்வைகளைத் தாண்டித்தான் உள்ளே வரவேண்டும். கேமராவை மட்டும் யாரும் மூடவில்லை. ஷமீரா கேட்டதற்கு மாமியார் சிரிக்காமல் சொன்னாள்: "மெஷின் என்னடி, ஆம்பளையா?"

க்ரிக். தலை இன்னும் கொஞ்சம் திரும்பியது.

கொழுந்தன் ஜாஃபர் சாதிக்கின் வேலை என்றுதான் நினைத்தாள். கடைத்தெருவில் செல்போன் கடை வைத்திருப்பவன். இதெல்லாம் அவனுக்குக் கைவந்த கலை. மதியம் சாப்பிட வந்தவனிடம் திரைக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டாள்.

"தம்பி, கேமராவுல நீங்க பாக்கறீங்களா?"

அந்தப் பக்கம் சோறு பிசையும் சத்தம் நின்றது.

"அது அண்ணன் போன்ல மட்டும்தான் மச்சி தெரியும். அந்தப் போன் உங்க ரூம்ல, பெட்டிக்குள்ளதான கெடக்கு."

குரல் நடுங்கியது. பொய் சொல்கிறவனின் நடுக்கமா, பயந்தவனின் நடுக்கமா? அவளால் பிரித்தறிய முடியவில்லை.

அவன் கடைக்குப் போனான். மாமியார் அஸர் தொழுகைக்கு நின்றாள். ஷமீரா ஸ்டூலில் ஏறிக் கேமராவைப் பிடுங்கினாள். அரிசி டிரம்முக்குள் முழங்கை ஆழத்துக்குப் புதைத்தாள். மூடியின்மேல் அம்மிக்குழவியைத் தூக்கி வைத்தாள்.

அறைக்கு வந்து தரையில் உட்கார்ந்து, ஷார்ஜாவிலிருந்து வந்த பெட்டியை இழுத்தாள். சுற்றியிருந்த டேப் அப்படியே இருந்தது. அறுத்தாள். மடித்த சட்டைகள். அவனுடைய அத்தர் வாடை. அடியில் போன்.

போன் சூடாக இருந்தது.

திரை தானாக எரிந்து, கேமராப் படம் ஓடியது. அரிசிக்குள் கிடக்கும் கேமரா இருட்டைத்தானே காட்டவேண்டும்?

அவள் தெரிந்தாள். தரையில், திறந்த பெட்டியோடு. இந்த அறையில் என்றுமே கேமரா இருந்ததில்லை. படம் கட்டிலின் உயரத்திலிருந்து வந்தது. அவன் படுக்கும் பக்கத்திலிருந்து.

நிமிர்ந்தாள். கட்டில் காலி.

படத்தில் அவள் முகம் பெரிதானது. இன்னும் பெரிதானது.

வெள்ளை முக்காட்டை முகத்தின்மேல் இழுத்துவிட்டுக்கொண்டாள். மெல்லிய துணி. அதன் வழியே திரை மங்கலாகத் தெரிந்தது. இரண்டு கையாலும் போனை இறுகப் பிடித்தாள்.

அத்தர் வாடை நெருங்கியது.

இரண்டு கையும் போனில்தான்.

படத்தில் முக்காடு மெல்ல விலகியது. கன்னத்தில் துணி உரசி நழுவியது.