காணாமல் போன வெள்ளைக் கிடா

காலை ஆறு மணி. பட்டிக் கதவின் கயிறு கட்டியபடியே இருந்தது. உள்ளே கம்பளிக்காக வளர்க்கும் நீள்கழுத்து அல்பாக்காக்கள் படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தன. வெள்ளைக் கிடாவை மட்டும் காணோம்.

யூலாலியா மறுபடியும் தலைகளை எண்ணினாள். மந்தை அவளுடையதல்ல. அடுத்த வீட்டு ஃபோர்துனாத்தா, மகளின் பிரசவத்துக்காக அரெகிப்பா நகரம் போகும்போது ஒப்படைத்துவிட்டுப் போனது. பொறுப்பில் விட்ட கிடா தொலைந்தால் இரண்டு பெட்டை ஈடு தர வேண்டும்; அந்த மலையூரில் அதுதான் வழக்கம். யூலாலியாவிடம் இருந்ததே இரண்டு கறுப்புப் பெட்டைகள்தான். அவையும் போனால், புருஷனை விழுங்கிய தங்கச் சுரங்கத்தில் கல் பொறுக்கத்தான் போக வேண்டும்.

ஒன்பது மணிக்குப் போலீஸ்காரர் நெமேசியோ மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். எப்போதும் தூங்கி வழிகிறவர்போல இருப்பார். அதை நம்பி மாட்டிக்கொண்டவர்கள் உண்டு.

"ராத்திரி சத்தம் ஏதாச்சும்?"

"இல்ல சார். ஒரு வாரமா கொட்டின ஆலங்கட்டி மழை நேத்து சாயங்காலந்தான் விட்டுச்சு. அசந்து தூங்கிட்டேன். மலைச்சிங்கமா இருக்குமோ?"

சேற்றை மந்தை மிதித்துக் குழப்பியிருந்தது. கால்தடம் எதுவும் தேறவில்லை. மேற்கு மூலையில், அல்பாக்காக்கள் எப்போதும் ஒரே இடத்தில் போடும் புழுக்கை வழக்கம்போல ஒரே குவியலாகக் கிடந்தது.

"மலைச்சிங்கம் வந்திருந்தா இதுங்க மிரண்டு பட்டி முழுக்கக் கழிஞ்சு வச்சிருக்கும். தெரிஞ்ச கைதான் கூட்டிட்டுப் போயிருக்கு."

"இதுங்களுக்குத் தெரிஞ்ச கை என்னோடதுதானே சார்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கு உறைத்தது. நெமேசியோ கிழக்கு மூலைக்குப் போய், அங்கிருந்த தட்டைக் கல் அருகே குனிந்தார்.

"அதைத் தொடாதீங்க சார். அக்கா வீட்டு சாமிக் கல்லு. நான் அது பக்கமே போறதில்ல."

அவர் தூக்கிப் பார்த்தார். ஈர மண்ணின் மேல் படையலாக வைத்த மூன்று கோகா இலைகள், ஒரு பொட்டுக் கொழுப்பு. இலைகள் காய்ந்து மொறுமொறுவென்று இருந்தன. கல்லைப் பழையபடி வைத்தார்.

"அக்கா போய் எத்தனை நாளாச்சு?"

"ரெண்டு வாரம்."

"போன் போட்டு வரச் சொல்லு."

தன்னைப் பிடித்துக் கொடுக்கத்தான் கூப்பிடுகிறார் என்று யூலாலியா முடிவு செய்துகொண்டாள். அன்று அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் காலை பஸ்ஸில் ஃபோர்துனாத்தா வந்தாள். அக்கம்பக்கத்தார் கூடினார்கள்.

"எங்கடி என் கிடா?"

"தெரியலக்கா."

"உன்னை நம்பினேன் பாரு, என்னைச் சொல்லணும். அந்தக் கறுப்புங்க ரெண்டையும் ஓட்டிட்டு வா. போன வருஷம் விலைக்குக் கேட்டப்ப முறுக்கிக்கிட்டல்ல?"

நெமேசியோ கொட்டாவி விட்டார். "பேரப்பிள்ளை பொறந்தாச்சாம்மா?"

"இன்னும் இல்ல. சாயங்கால பஸ்ஸுக்கே திரும்பணும்."

"அப்ப முந்தாநாள் ராத்திரி எதுக்கு வந்தீங்க?"

"நான் எங்க வந்தேன்?"

அவர் கல்லைப் புரட்டினார். "ஓர் உயிரை வெளிய ஓட்டுறதுக்கு முன்னாடி இலை வச்சு பட்டிகிட்ட உத்தரவு கேக்கணும். திருடன் கேக்க மாட்டான். பாத்துக்க வந்தவ கேக்கக் கூடாது. மந்தைக்காரி மட்டுந்தான் கேக்கலாம். நீங்க ஊருக்குப் போறப்ப வச்சதுன்னா, ஒரு வார மழையில அழுகிப் போயிருக்கும். நேத்து நான் பாத்தப்ப மொறுமொறுன்னு இருந்துச்சு. மழை விட்ட பிறகு வச்சது. உங்க அண்ணன் பட்டிக்கும் ஒரு நடை போயிட்டு வந்தேன். கிடா அங்க சௌக்கியமா புல்லு தின்னுது."

ஃபோர்துனாத்தா தலை குனிந்தாள்.

"கேக்காம எப்படி சார் ஓட்டுறது? பட்டி சும்மா விடுமா?"

யூலாலியா பட்டிக் கதவின் கயிற்றைக் கையில் எடுத்தாள். "பட்டிக்குப் பயந்த. ராத்திரி பூரா நான் சுரங்கத்துக்குப் போற பாதையை நெனச்சுக்கிட்டுக் கெடந்தேன்க்கா."

கயிற்றை ஃபோர்துனாத்தாவின் கையில் வைத்துவிட்டு, வெளியே மேய்ந்துகொண்டிருந்த தன் கறுப்புப் பெட்டைகளை ஓட்டிக்கொண்டு நடந்தாள்.

"ஒரு வாரம் மட்டும் பாத்துக்கோடி. பிரசவம் முடிஞ்சதும் வந்துடுறேன்."

யூலாலியா திரும்பவில்லை. ஃபோர்துனாத்தா கூடியிருந்தவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். ஒவ்வொருவருக்கும் ஏதோ வேலை ஞாபகம் வந்தது.

மூன்றாம் நாள் பேரன் பிறந்தான். அவன் அழுத குரலை ஃபோர்துனாத்தா பட்டிக்குள் நின்று போனில்தான் கேட்டாள்.