தாங்கி நாற்காலி

கல்யாண மண்டபத்தில் சிரிக்கும்படி யாரும் எதுவும் சொல்லிவிடவில்லை. ஆனாலும் ஸ்வேதா தலையைப் பின்னால் சாய்த்து, வாயை அகலத் திறந்து சிரித்தாள். அவ்வளவு சாய்த்தால்தான் மேல்வரிசை ஓரத்தில் இருக்கும் ஊன்றுபல் வெளிச்சத்தில் தெரியும். பல்லின் நடுவே கடுகளவு மணி ஒன்று நீலமாக மின்னியது.

"அடேயப்பா, என்ன நீலம்!" என்று ஒருத்தி கன்னத்தில் கை வைத்தாள்.

"பிரணவ் அண்ணன் பொண்டாட்டிக்கு உசுரையே குடுத்துருவாரு போல" என்றாள் இன்னொருத்தி.

பிரணவின் தம்பி மனைவி மிருதுளா உதட்டைப் பிரிக்காமல் சிரித்து வைத்தாள். அவள் வாயிலும் ஊன்றுபல் உண்டு. அதில் இருந்த மணி மஞ்சள். அவளுக்கு வயிறு எரிந்தது. பந்தியில் உட்கார்ந்தவள் பாதிச் சாப்பாட்டிலேயே இலையை மூடிவிட்டு எழுந்தாள்.

அச்சமாற்றி வந்ததிலிருந்து ஈரோட்டில் இதே கூத்துதான். முன்பெல்லாம் பல் போன இடத்தில் ஊன்றுபல் வைக்கத் தாடையெலும்புக்குள் டைட்டானியத் திருகைப் பதித்தால் சிலருக்கு எலும்பு அதைக் கவ்விக்கொள்ளும், சிலருக்குக் கழன்று வந்துவிடும். பயந்து நடுங்கியவர்களின் வாயில்தான் அதிகம் கழல்கிறது என்று ஆராய்ந்து கண்டுபிடித்தார்கள். பயத்தில் உடம்பு சுரக்கும் நீர்கள் எலும்பை வளரவிடவில்லை. மயக்கமருந்து ஆளைத் தூங்கவைத்ததே தவிர, உள்ளே இருந்த பயத்தை ஒன்றும் செய்யவில்லை. கடைசியில் இந்த இயந்திரம் வந்தது. நோயாளியின் தலையில் ஒரு பட்டை, பக்கத்து நாற்காலியில் உட்காருபவர் தலையில் ஒரு பட்டை. நோயாளியின் பயம் அவருக்குப் போய்விடும். நோயாளி முடிவெட்டிக்கொள்ள வந்தவர் போல நிம்மதியாகப் படுத்திருப்பார். பக்கத்தில் இருப்பவர் வியர்த்துக் கொட்டிக் கைப்பிடியைப் பிறாண்டுவார். அவருக்குத் தாங்கி என்று பெயர்.

எவ்வளவு பயம் கைமாறியது என்பதைப் பல்லில் பதித்த மணி காட்டும். முழுக்கப் போனால் நீலம். பாதி போனால் பச்சை. நோயாளியிடமே தங்கிவிட்டால் மஞ்சள். மஞ்சள்காரர்களை அடிக்கடி பரிசோதிக்க வேண்டும் என்று மற்ற மருத்துவர்களுக்குத் தெரிவதற்காக வைத்த அடையாளம் அது. ஆனால் ஊர் சும்மா இருக்குமா? தாங்கியாகப் பெரும்பாலும் கணவனோ மனைவியோதான் உட்கார்ந்தார்கள். அதனால் யாருக்கு யார்மேல் எவ்வளவு பிரியம் என்பதை மணியை வைத்தே முடிவு கட்டத் தொடங்கினார்கள். பெண் பார்க்கப் போனவர்கள் பெண்ணின் அம்மாவைச் சிரிக்கவைத்துப் பார்த்தார்கள். மனைவி வர மறுத்ததால் ஒரு மில் முதலாளி தன் டிரைவரை உட்காரவைத்தார். ஊரிலேயே அடர்ந்த நீலம் அந்த முதலாளிக்குத்தான் கிடைத்தது. விசுவாசத்தை மெச்சி அந்தத் தெருவே டிரைவருக்குச் சால்வை போர்த்தியது.

மிருதுளாவின் கணவன் கவின் தாங்கி நாற்காலியில் செய்த காரியம் அவளுக்கு இன்றைக்கும் ஆறவில்லை. அவள் பயத்தில் உடம்பெல்லாம் விறைத்துப் படுத்திருந்தாள். அவன் குறட்டை விட்டுத் தூங்கிவிட்டான்.

"எனக்கு ஒண்ணுமே வரலயே அம்மிணி! நாற்காலி வேற மெத்துன்னு இருந்துச்சு" என்றான் வெளியே வந்து.

அவன் சுபாவம் அப்படி. மின்பேருந்துப் பணிமனையில் மேற்பார்வையாளன். நாள் முழுக்க யாரையாவது கேலி செய்துகொண்டே இருப்பான். வீட்டில் கேலி செய்ய மிருதுளாவின் தோசை இருந்தது. அவளுக்குத் தோசை ஒருநாளும் வட்டமாக வந்ததில்லை. "இன்னைக்கு என்ன நாடு அம்மிணி? இலங்கையா? ஓரத்துல கொஞ்சம் கடல் கொண்டு போயிருச்சாட்ட இருக்குது" என்பான். அவள் கரண்டியை ஓங்குவாள். அவன் தட்டோடு ஓடுவான். கல்யாணமான நாளிலிருந்து காலைச் சாப்பாடு இப்படித்தான்.

கல்யாணத்திலிருந்து திரும்பும்போது காரில் ஆரம்பித்தாள்.

"உங்கண்ணனும் அதே வயித்துல பொறந்தவருதானே?"

"எதுக்கு அம்மிணி இப்ப அவன்?"

"ஸ்வேதாக்கா பல்லுக்காக அவரு அந்த நாற்காலியில கிடந்து துடிச்சாராம். நீங்க தூங்குனீங்க. என்மேல பிரியம் இருந்தா தூக்கம் வருமா?"

"பிரியத்துக்கும் தூக்கத்துக்கும் என்ன சம்பந்தம்?" என்று சிரித்தான். அவள் சிரிக்கவில்லை.

சில வாரங்களில் அந்த மஞ்சள் மணிப் பல் ஆடத் தொடங்கியது. டாக்டர் ரெஹானா படம் எடுத்துப் பார்த்துவிட்டு, எலும்பு கவ்வவில்லை என்று திருகைக் கழற்றி எடுத்தார். "புண் ஆறி எலும்பு தேறட்டும். மறுபடி பதிக்கலாம். அடுத்த தடவை வேற யாரையாவது தாங்கியா கூட்டிட்டு வாங்களேன். அக்கா, தங்கச்சி, யாரா இருந்தாலும் சரி" என்றார்.

"அவருதான் உட்காரணும்" என்றாள் மிருதுளா. வேறு யாரோ உட்கார்ந்து நீலம் கிடைத்தால், அதை வைத்துக்கொண்டு ஸ்வேதாவின் முன்னால் எப்படிச் சிரிப்பது?

எலும்பு தேறுகிற வரைக்கும் அவள் கவினையும் தேறவைத்தாள். அப்படித்தான் அவள் நினைத்துக்கொண்டாள். அவன் தோசைக்கு நாடு சொன்னால் தட்டைப் பிடுங்கினாள். பணிமனையிலிருந்து சற்றுத் தாமதமாக வந்தால் அன்றைக்கு முழுவதும் பேச்சு கிடையாது. போனில் அவன் சிரித்துப் பேசினால் யார் என்று கேட்டாள். யாரென்று சொன்ன பிறகும் நம்பாத முகத்தோடு நின்றாள். ஒருநாள் அவன் நண்பர்கள் எதிரிலேயே, "இவரு நாற்காலியில உட்கார்ந்தா மரக்கட்டை" என்று சொல்லி, அவன் முகம் சுண்டிப்போவதைப் பார்த்தாள். அன்றைக்குக் கொஞ்சம் பாவமாக இருந்தது. ஆனால் மறுநாள் ஸ்வேதா தன் பல் பளிச்சிடும் படம் ஒன்றை அனுப்பினாள். பாவம் போன இடம் தெரியவில்லை.

கவின் மாறினான். வாசலில் செருப்பைச் சத்தமில்லாமல் கழற்றினான். அவள் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறந்தான். கேட்பதற்கு முன்பே, எங்கே போனான், யாரோடு பேசினான் என்று ஒப்பித்தான். இப்போதுதான் மனுஷனுக்குப் பொறுப்பு வந்திருக்கிறது என்று மிருதுளாவுக்குத் திருப்தி.

இரண்டாம் முறை பட்டையை மாட்டியதுமே அவளுக்குள் இருந்த நடுக்கம் வடிந்து போயிற்று. துளைக்கருவி இரைந்ததை யார் வீட்டிலோ மாவரைக்கும் சத்தம் போலக் கேட்டுக்கொண்டிருந்தாள். பக்கத்து நாற்காலி கிறீச்சிட்டது. திரும்பிப் பார்த்தாள். கவின் கண்களை இறுக மூடி, சட்டையெல்லாம் நனைந்து, உதடு துடிக்க உட்கார்ந்திருந்தான். அவளுக்கு ஆனந்தம் பொங்கியது. 'எனக்காக' என்று நினைத்துக்கொண்டாள்.

மணி நீலமாக வந்தது. சாதாரண நீலம் இல்லை. கிட்டத்தட்டக் கறுப்பைத் தொட்ட நீலம்.

அடுத்து வந்த ஒரு காதுகுத்து விசேஷத்தில் மிருதுளா தலையைச் சாய்த்து வாய்விட்டுச் சிரித்தாள். பெண்கள் கூடினார்கள். ஸ்வேதா கிட்டே வந்து, தாடையைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பியே பார்த்தாள்.

"என்னுதைவிட கருநீலமா இருக்குது மிருது" என்றாள். அன்று அவள் பாதி இலையோடு எழுந்தாள். மிருதுளா இரண்டாம் முறை பாயசம் வாங்கிக் குடித்தாள்.

பரிசோதனைக்குப் போனபோது டாக்டர் ரெஹானா பல்லைத் தட்டிப் பார்த்து வியந்தார். "எலும்பு இரும்பாப் பிடிச்சிருக்கு. உங்க ஆயுசுக்கும் அசையாது." பிறகு நாற்காலியை அருகே இழுத்துப் போட்டுக்கொண்டார். "நீங்கதான் எனக்கு ரொம்ப முக்கியமான ஆளு. ஒரே தாங்கி, ஒரே நோயாளி. முதல் தடவை மஞ்சள், ரெண்டாவது தடவை இவ்வளவு அடர்த்தி. இப்படி யாருமே எங்களுக்குக் கிடைச்சதில்ல."

"பிரியம் கூடிருச்சுங்க டாக்டர்" என்றாள் மிருதுளா வெட்கத்தோடு.

"நானும் பிரியம்தான்னு நினைச்சேன். கணக்கு ஒத்து வரல. ரொம்ப அன்னியோன்னியமா இருக்கற ஜோடிங்க மஞ்சளா வர்றாங்க. மில் முதலாளிக்கு டிரைவர் உட்கார்ந்தாரே, அதுதான் என்னை யோசிக்க வெச்சது. பயம் போறதுக்குத் தாங்கியோட மனசுல ஏற்கெனவே ஒரு வழி இருக்கணும். அந்த நோயாளி முகத்தைப் பார்த்துப் பார்த்துப் பயந்து பழகினவங்களுக்குத்தான் அந்த வழி இருக்கு. உங்களைக் கண்டா பயமே இல்லாதவருக்கு நீங்க பயத்தை அனுப்பவே முடியாது. அவர் பாட்டுக்குத் தூங்கிருவாரு." டாக்டர் ஆவலோடு குனிந்தார். "நடுவுல வீட்டுல என்ன மாறுச்சு? சொன்னீங்கன்னா ஆராய்ச்சிக்கு உதவியா இருக்கும். அடுத்த மாசம் வெளியிடறோம்."

மிருதுளா வாயை மூடிக்கொண்டாள். "இந்த மணியை மட்டும் எடுத்துட முடியுங்களா?"

"மணியும் திருகும் ஒரே துண்டு. எலும்பை வெட்டினாத்தான்" என்றார் டாக்டர்.

வெளியே காத்திருப்புக் கூடத்தில் ஒரு ஆள் வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தான். பக்கத்தில் இருந்த அவன் மனைவி அவன் தொடையில் அடித்து, "மானத்த வாங்காதய்யா, எந்திரி!" என்று சிரித்தாள். அவன் கண்ணைத் திறக்காமலே அவள் கையைத் தட்டிவிட்டான். அவள் பல்லில் மஞ்சள் மணி தெரிந்தது. ஸ்வேதாவின் நீலத்தைப் பார்த்துக்கூட மிருதுளாவுக்கு இப்படி வயிறு எரிந்ததில்லை. அந்தப் பெண்ணின் வாயிலிருந்து அந்த மஞ்சளைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. அந்த வரிசையின் கடைசியில் கவின் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான். அவளைக் கண்டதும் எழுந்து நின்றான்.

மறுநாள் காலை அவள் மாவை வேண்டுமென்றே கோணலாக ஊற்றினாள். ஒரு பக்கம் வால் நீண்டது, ஒரு பக்கம் ஓட்டை விழுந்தது. அப்படியே எடுத்து அவன் தட்டில் போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"ஏனுங்க, இன்னைக்கு என்ன நாடு?"

கவின் தோசையைப் பார்த்தான். பிறகு அவள் முகத்தைப் பார்த்தான்.

"நல்லா வட்டமாத்தானே வந்திருக்குது" என்று சொல்லிவிட்டு, அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வேகமாகச் சாப்பிட்டு முடித்தான்.