டைனோசர் முன்னால் ஒரு மஞ்சள் சட்டை

“நான் வராமலேயே போட்டோவுல வர முடியுமாக்கா?”

அன்று காலை சோனியா ஷூ மாட்டிக்கொண்டிருந்தபோது தம்பி விக்கி இப்படிக் கேட்டான். அவனுக்கு ஆறு வயது. படியில் சறுக்கி விழுந்து, காலில் மாவுக்கட்டோடு கட்டிலில் கிடந்தான். சர்ச் ஞாயிறு வகுப்புப் பிள்ளைகள் எல்லோரும் அருங்காட்சியகம் போகிறார்கள். அங்கே இருக்கும் டைனோசரைப் பார்க்க அதிகம் ஆசைப்பட்டவன் அவன்தான்.

சோனியா யோசித்தாள். “நீ வர முடியாது. உன் சட்டை வரலாம்ல?”

விக்கி உடனே தலையணைக்கு அடியிலிருந்து தன் மஞ்சள் சட்டையை இழுத்தான். “நீயும் பக்கத்துல நிக்கணும். என் கையைப் பிடிச்சுக்கணும். இன்னொரு கை விரிஞ்சே இருக்கணும். நான் பயப்படலைன்னு டைனோசருக்குத் தெரியணும்.”

அம்மா தன் போனைச் சோனியாவின் பையில் வைத்து, ஜிப்பை இரண்டு முறை இழுத்துப் பார்த்தாள்.

அருங்காட்சியகத்தில் டைனோசரின் முன்னால் கால் வைக்க இடமில்லை. ஒரு குடும்பம் சிரித்து முடிப்பதற்குள் அடுத்த குடும்பம் முண்டிக்கொண்டு நுழைந்தது. யார் படம் எடுத்தாலும் அதில் யாருடைய பையோ, முழங்கையோ, பாதி முகமோ விழுந்தது. காவலாளி கோவிந்தப்பா விசில் ஊதி ஊதிக் களைத்துப் போனார். இன்னும் தள்ளினால் கயிறு கட்டி மூடிவிடுவேன் என்று தமிழிலும் கன்னடத்திலும் சொல்லிப் பார்த்தார். யாரும் கேட்கவில்லை. அவர் கயிறு எடுக்கப் போனார்.

சோனியா பைக்குள் இருந்த சட்டையைத் தொட்டுப் பார்த்தாள். மூடிவிட்டால் விக்கியிடம் என்ன சொல்வது? ஆனால் இந்தக் கூட்டத்தில் அவள் குரல் யாருக்குக் கேட்கும்? ‘பிரசென்ட் மிஸ்’ என்று மெதுவாகச் சொல்லியே ஆப்சென்ட் வாங்கியவள் அவள்.

பக்கத்தில் ஒரு மீசைக்காரர் கையை நீட்டி நீட்டித் தன் குடும்பத்தைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். படத்தில் அவருடைய நெற்றி மட்டும்தான் இருந்தது.

“நான் எடுக்கட்டுமா, அங்கிள்? நீங்களும் போய் நில்லுங்க.”

அவர் சந்தோஷமாகப் போனைக் கொடுத்தார். ஆனால் நடுவில் மூன்று பேர் புகுந்தார்கள்.

“எனக்குச் சத்தமாப் பேச வராது, அங்கிள். கொஞ்சம் தள்ளி நிக்கச் சொல்றீங்களா?”

அவருக்கோ ரயில் நிலைய ஒலிபெருக்கி போன்ற குரல். ஒரு தடவைதான் சொன்னார். வழி பிறந்தது.

படத்தைப் பார்த்த அவர் மனைவி சிரித்தார். “எங்க வீட்டுப் போட்டோவுல இவரு மூஞ்சி வந்ததே இப்பதான்.”

அப்போது சோனியாவுக்கு ஒன்று தோன்றியது. பின்னால் இருப்பவர் முன்னால் நிற்பவரைப் படம் எடுத்துக் கொடுத்தால்? படத்தில் யாரும் விடுபட மாட்டார்கள். அடுத்தவர் போன் கையில் இருப்பவரால் குறுக்கே ஓடவும் முடியாது. அதை அவள் மீசைக்காரரின் காதில் சொன்னாள். அவர் கூடம் முழுக்கச் சொன்னார்.

மெல்ல மெல்ல ஒரு வரிசை உருவானது. தனக்கு முன்பே வந்து காத்திருந்தவர்களை எல்லாம் முன்னால் விட்டுவிட்டு, சோனியா கடைசிக்குப் போய் நின்றாள்.

அவள் முறை வரும்போது வாசலில் ஞாயிறு வகுப்பு டோரீன் மிஸ் கைதட்டிக் கூப்பிட்டார். பஸ் கிளம்பப் போகிறது. தனக்குப் பின்னால் புதிதாக வந்து நின்ற ஓர் அக்காவிடம் அம்மாவின் போனைக் கொடுத்துவிட்டு, சோனியா சட்டையை எடுத்தாள். வரிசையில் யாரோ சிரித்தார்கள். அவளுக்கு முகம் சூடானது. ஆனாலும் சட்டையின் ஒரு கையைப் பிடித்துக்கொண்டாள். இன்னொரு கையோ துவண்டு தொங்கியது. விக்கி பயந்துபோனவன் மாதிரி இருந்தான்.

அந்த நேரம் பார்த்துக் கோவிந்தப்பா கயிற்றோடு வந்தார்.

“யாரோட சட்டைம்மா இது?”

“தம்பியோடது. கால் உடைஞ்சு வீட்டுல இருக்கான். கை விரிஞ்சே இருக்கணும்னான்.”

கோவிந்தப்பா வரிசையைப் பார்த்தார். சட்டையைப் பார்த்தார். கயிற்றைக் கீழே வைத்தார். குனிந்து, தொங்கிய சட்டைக் கையின் நுனியை இரண்டு விரலால் பிடித்து நன்றாக விரித்தார்.

கிளிக்.

படத்தில் மஞ்சள் சட்டை நிமிர்ந்து நின்றது. டைனோசர்தான் கொஞ்சம் பயந்தாற்போல் இருந்தது.

நன்றி சொல்லச் சோனியா திரும்பினாள். கோவிந்தப்பா கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு, விசிலைப் பைக்குள் வைத்துவிட்டுப் போய்க்கொண்டிருந்தார்.