ஆற்றிக்கொள்ளாதவள்

வேலை முடிந்ததும் எல்லோரும் ஆற்றி என்ற கருவிக்கு முன்னால் வரிசையில் நின்றார்கள். வேம்புத்துறை கடல்நீர்க் குடிநீர் நிலையத்தின் வாசலை ஒட்டி, கண்ணாடிக் கூண்டு போல இருந்தது அது. உள்ளே போய் நெற்றியை வளையத்தில் பொருத்தினால், அன்றைக்குச் செய்ததில் எது உறுத்துகிறதோ அந்த உறுத்தல் மட்டும் கரைந்துவிடும். நடந்தது மறக்காது, குத்துவது நின்றுவிடும். முன்பெல்லாம் வேலையிடத்துக் கசப்பைப் பிள்ளைகள் மேல் கொட்டியவர்கள் இப்போது சிரித்த முகத்தோடு வீடு திரும்பினார்கள். அதைக் கெட்ட கருவி என்று ஜெசிந்தா ஒருநாளும் சொன்னதில்லை. வரிசையைத் தாண்டி நடந்துபோவாள், அவ்வளவுதான்.

"என்னக்கா, இன்னைக்கும் ஆத்திக்கிடலயா? வீட்ல அண்ணன் பாவம்லா," என்றான் செல்வின். வரிசை சிரித்தது.

"நான் கடுகடுன்னு போனாதான் அவருக்கு அடையாளம் தெரியும்."

நிலையத்தின் சவ்வுகளைச் சோதிப்பது ஜெசிந்தா, செல்வின் இருவரின் வேலை. கடல்நீரிலிருந்து உப்பையும் கழிவுகளின் நஞ்சையும் வடிகட்டும் மெல்லிய தாள்கள் அவை. பழசானால் உப்பைப் பிடித்துக்கொண்டு நஞ்சை மட்டும் கசியவிடும். நாக்குக்குத் தெரியாது. உடம்புக்கு, பல வருஷம் கழித்துத் தெரியும்.

அந்த வாரம் இயக்குநர் குமரகுருபரன் அவளை அழைத்தார்.

"புதுச் சவ்வு வர மழைக்காலம் ஆயிடும். அதுவரைக்கும் இதுவே போதும்னு சான்று குடுத்துருங்க, ஜெசிந்தா. தலைமைப் பொறியாளர் பொறுப்புக்கு உங்க பேரைத்தான் சொல்லியிருக்கேன்."

"கசியுது சார்."

"கொஞ்சம்தானே. உறுத்துச்சுன்னா கீழ ஆத்தி இருக்கு. அதுக்குத்தானே வச்சிருக்கோம்."

அந்தப் பொறுப்புக்கு அவள் மிகவும் ஆசைப்பட்டிருந்தாள். கை பேனாவை நோக்கிப் போனதைக்கூட அவள் கவனித்தாள். கசிவு ஒருபுறம் இருக்க, அவளை நிறுத்தியது வேறொன்று. கையெழுத்துப் போட்டு, ஆற்றிக்கொண்டு, நன்றாகத் தூங்கி எழப்போகும் நாளைய ஜெசிந்தாவை நினைத்துப் பார்த்தாள். அவள் முகத்தில் எந்தக் குறையும் இருக்காது. அப்படிப்பட்டவளை நம்பி எதை ஒப்படைப்பது?

"நான் போட மாட்டேன் சார்."

"அப்ப பொறுப்பு வேற ஆளுக்குப் போயிரும்."

"தெரியும் சார்."

செல்வின் போட்டான். பொறுப்பு அவனுக்கு வந்தது. ஜெசிந்தாவைக் கடலோரக் குழாய்களைக் கவனிக்கும் கொட்டகைக்கு மாற்றினார்கள். தலைமைப் பொறியாளர் அறைக் கதவில் செல்வினின் பெயரைப் பார்த்த அன்று அவள் அழுதாள். ஆனால் எதற்காக அழுகிறோம் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. அந்தத் தெளிவின் மேல் உறுதியாக நிற்க முடிந்தது.

ஒரு காலை செல்வின் கொட்டகைக்கு வந்தான்.

"எக்கா, ஊருக்கு விடுற தண்ணியைக் குடிக்கலாமா?"

"நீதானப்பா கையெழுத்துப் போட்ட?"

"போட்டேன். வீட்ல அவ உண்டாயிருக்கா. இன்னைக்குத் தம்ளர்ல பிடிச்சு வச்சுக்கிட்டு, குடிக்கவான்னு கேட்டா. எனக்குப் பதில் சொல்லத் தெரியலக்கா. அளவெல்லாம் ஞாபகம் இருக்கு. யோசிச்சா பரவால்லன்னுதான் தோணுது. ஆனா எனக்கு எல்லாமே பரவால்லன்னுதான் தோணுது. இதுவரைக்கும் போட்ட அத்தனை கையெழுத்தும் ஒரே மாதிரி இருக்கு."

"குடிக்க வேண்டாம்னு சொல்லு."

அவன் குழாயின் மேலேயே உட்கார்ந்துவிட்டான். "எங்க வீட்டுக்கு மட்டும் வெளித் தண்ணிக்கு ஏற்பாடு பண்ணிக்கிடட்டா?" என்றான்.

"ஊர்ல வேற யாரும் உண்டாகலயா?"

அவன் தலை குனிந்தான். "நெஞ்சுக்குள்ள என்னமோ பண்ணுதுக்கா."

"அதுக்குப் பேரு உறுத்தல். உனக்கு மறந்து போச்சு."

"சான்றைத் திரும்ப வாங்கினா பொறுப்பு போயிரும்லா?"

"போயிரும்."

"இந்த உறுத்தலோட என்னால சார் முன்னாடி போய் நிக்க முடியாது. முதல்ல ஆத்திக்கிட்டு, அப்புறம் போய் வாங்கட்டா?"

"ஆத்திக்கிட்டா, எதுக்கு வாங்கணும்னே உனக்குத் தோணாது."

செல்வின் எழுந்தான். இயக்குநர் அறைக்குப் போக வாசல் வழியாக, ஆற்றியைத் தாண்டித்தான் போக வேண்டும்.

ஜெசிந்தா செருப்பை மாட்டிக்கொண்டாள்.

"நட, நானும் வாரேன்," என்றாள். "ஆத்திக் கூண்டு இருக்குற பக்கம் நான் நடக்கேன்."