ஓட்டை இலை

பக்கத்தை மேலே தள்ளும்போது, தேயிலைச் சரிவில் ஒரு புள்ளி மட்டும் சரிவோடு சேர்ந்து போகாமல் கொஞ்சம் முந்திக்கொண்டு போனது.

சுலக்ஷனா மவுஸின் சக்கரத்தை நிறுத்தினாள். புள்ளியும் நின்றது. திரையில் தூசு ஒட்டியிருக்கும் என்று சால்வை நுனியால் துடைத்துப் பார்த்தாள். கண்ணாடி சில்லென்று இருந்தது. புள்ளி போகவில்லை. மறுபடி உருட்டினாள். சரிவு நகர்ந்தது, புள்ளி அதைவிட ஒரு மயிரிழை அதிகமாக நகர்ந்தது.

அட்டனில் அந்த ஜூன் மாதம் மூன்று மணிக்கே விளக்குப் போட வேண்டியிருந்தது. பஸ் நிலையத்துப் பக்கமிருந்து பனிமூட்டம் மெதுவாக ஏறி வந்து, பேக்கரிக்கு மேல்மாடியில் இருந்த அந்தக் கம்ப்யூட்டர் கடையின் ஜன்னல்களை வெளியிலிருந்து மூடிக்கொண்டு நின்றது. கீழே மாலைப் பாண் வேகும் வாசம், ரோட்டில் பொகவந்தலாவை பஸ்ஸுக்கு ஆள் கூப்பிடும் குரல், கூரைத் தகரத்தில் விட்டு விட்டுப் பெய்யும் தூறல். கடையில் அவளைத் தவிர யாரும் இல்லை.

வேலை இதுதான். அவள் பிறந்த தோட்டத்தின் பழைய துரை பங்களாவை வாங்கிச் சுற்றுலா விடுதியாக மாற்றியவர்கள் ஓர் இணையத்தளம் கேட்டிருந்தார்கள். சாதாரணமாக இருக்கக் கூடாதாம். பக்கத்தை உருட்டும்போது ஆள் பங்களா வராந்தாவில் நின்று மலையைப் பார்ப்பதுபோல் ஆழம் தெரிய வேண்டுமாம். அதில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. ஒரே படத்தை வானம், தூரத்து மலை, தேயிலைச் சரிவு, வராந்தாத் தூண் என்று தனித்தனி அடுக்காக வெட்டி, ஒவ்வோர் அடுக்குக்கும் ஒரு வேகத்தைக் கொடுத்துவிட்டால் போதும். கிட்ட இருப்பது வேகமாகப் போகும், எட்ட இருப்பது மெதுவாகப் போகும். தினமும் பஸ்ஸில் வருகிறவளுக்கு இதை யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. ரோட்டோரச் செடிகள் பறந்து பின்னால் போகும்போது மலை மட்டும் கூடவே வந்துகொண்டிருக்கும். வானத்துக்கு ஒன்று, மலைக்கு இரண்டு, சரிவுக்கு நான்கு, தூணுக்கு எட்டு என்று எண் கொடுத்திருந்தாள். எழுத்துகள் உள்ள பக்கத்துக்குப் பத்து. பத்து என்றால் திரையின் கண்ணாடி. அதற்கு முன்னால் எதுவும் இல்லை.

படம் தொண்ணூற்றேழில் அங்கிருந்த துரை வராந்தாவில் நின்று எடுத்தது. பங்களாச் சுவரில் தொங்கியதைக் கொண்டுவந்து ஸ்கேன் பண்ணிவிட்டுத் திருப்பிக் கொடுத்திருந்தார்கள். விடுதிக்காரர் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: சரிவில் தெரியும் தொழிலாளர் குடியிருப்பான லயமும் கொழுந்து எடுக்கும் பெண்களும் வேண்டாம், வெறும் பச்சை போதும். நேற்று முழுவதும் சுலக்ஷனா அதைத்தான் செய்தாள். வராந்தாவுக்குக் கிட்ட நின்ற ஒரு செடியைப் பிரதி எடுத்து, சிறிதாக்கி, வேண்டாத இடங்களின் மேல் குத்திக் குத்தி மூடினாள். முதலில் லயம், கூரை கூரையாக. அப்புறம் அரிசி அளவு பெண்கள், பதினாலு பேர். ஒரு குத்துக்கு ஒருத்தி.

அது அவள் பிறந்த லயம். கடையில் யாருக்கும் தெரியாது. தெரிந்து என்ன ஆகப்போகிறது, வேலை வேலைதானே என்று பல்லைக் கடித்துக்கொண்டு, சரியாகப் பார்க்காமல் பாதிக் கண்ணாலேயே குத்தி முடித்தாள். முடித்ததும் ஸ்கேன் பண்ணிய அசலின் மேலேயே அதே பெயரில் சேமித்துவிட்டு எழுந்து போய்விட்டாள். தனியாக ஒரு பிரதி வைக்க வேண்டும் என்பது அவளுக்குத் தெரியாததல்ல. அந்தப் படத்தை இரண்டாவது தரம் திறக்கும் தைரியம் இல்லை, அவ்வளவுதான்.

இன்று மத்தியானம், நுவரெலியாவுக்குப் புறப்படும்போது, கடைக்காரர் உமாசுதன் குனிந்து திரையைப் பார்த்தார். யாழ்ப்பாணத்துக்காரர், கண்ணில் எதுவும் தப்பாது.

"வடிவாத்தான் செய்திருக்கிறீர். ஆனா பாரும், பூச்சி அரிச்ச இந்த ஓட்டை இலை நாலு இடத்தில நிக்குது. ஒரே செடியில இருந்து எடுத்துக் குத்தினா இப்பிடித்தான். தளத்தைப் பாக்கிற வெள்ளைக்காரன் கண்டுபிடிச்சிடுவான்."

"மாத்திர்றேங்க சார்."

"நாளைக்குக் காலமை விடுதி ஆக்களுக்குக் காட்டவேணும். நான் விடிய ஆறரைக்குள்ள வந்திடுவன்."

அவர் போனபிறகுதான் இந்தப் புள்ளி. எந்த அடுக்கில் இருக்கிறது என்று பார்க்க, அடுக்குகளை ஒவ்வொன்றாகத் தனியே திறந்தாள். வானத்தில் இல்லை. மலையில் இல்லை. சரிவில் இல்லை, தூணிலும் இல்லை. எல்லாவற்றையும் சேர்த்துப் பக்கத்தைத் திறந்தால் இருந்தது. நகர்வை அளந்து பார்த்தாள். ஐந்து. ஐந்து என்று அவள் எதற்கும் எண் கொடுக்கவில்லை.

படத்தைப் பெரிதாக்கினாள். புள்ளி நீலமாக இருந்தது. இன்னும் பெரிதாக்கினாள். நீலத்தின் ஒரு மூலையில் மஞ்சள்.

அவளுடைய கை சக்கரத்திலிருந்து தானாக விலகியது.

மழைக்குத் தலையிலிருந்து முதுகுவரை போட்டுக்கொள்ளும் கொங்காணியை எல்லாரும் சாக்கில்தான் போடுவார்கள். அவளுடைய அம்மா நாகலெட்சுமி மட்டும் நீலப் பிளாஸ்டிக்கில் தைத்து வைத்திருந்தாள். கிழிந்த மூலைக்கு உரப்பையிலிருந்து வெட்டிய மஞ்சள் துண்டால் ஒட்டுப் போட்டிருந்தாள். தோட்டத்தில் அப்படியொரு கொங்காணி வேறு யாருக்கும் இல்லை.

தொண்ணூற்றொன்பதில் நான்கு நாள் விடாமல் பெய்த மழையில், லயத்து ஆட்களையெல்லாம் மாரியம்மன் கோயிலுக்குப் போகச் சொன்னார்கள். முக்கால்வாசிப் பேர் வந்து சேர்ந்த பிறகு, பன்னிரண்டு வயசு சுலக்ஷனா புத்தகப் பையை மறந்துவிட்டு வந்ததாக அழுதாள். அடுத்த வாரம் சோதனை. "அழுவாத, ஒரு எட்டுப் போயிட்டு வந்துர்றேன்" என்று அம்மா கொங்காணியைப் போட்டுக்கொண்டு இறங்கினாள். நீல முதுகு மூட்டத்துக்குள் போனது. கொஞ்ச நேரத்தில் லொறியிலிருந்து கல் கொட்டுவதுபோல ஒரு சத்தத்தோடு மலை சரிந்து லயத்தை மூடியது. அம்மாவோடு சேர்த்து ஏழு பேரைத் தோண்டி எடுக்கவே முடியவில்லை. பிறகு அந்த மண்ணின் மேலேயே தோட்ட நிர்வாகம் தேயிலைக் கன்று நட்டது. இன்றைக்கும் அந்த மலையில் கொழுந்து எடுக்கிறவர்கள் முதல் கொழுந்தைக் கூடையில் போடுவதில்லை, செடியின் தூரிலேயே போட்டுவிடுவார்கள். அது கீழே கிடக்கிறவர்களின் பங்கு.

அம்மாவின் படம் ஒன்றுகூட இல்லை. அடையாள அட்டைக்குக்கூட அவள் படம் எடுத்ததில்லை. ஒன்பது வருஷத்தில் சுலக்ஷனாவுக்கு அம்மாவின் முகம் கொஞ்சம் கொஞ்சமாக அழிந்து, நீல முதுகு மட்டும் மிஞ்சியிருந்தது. லயத்து வாசலில், ஏதோ நீலத்தைப் போர்த்தி வராந்தாவைப் பார்த்தபடி நின்ற ஒருத்தியை நேற்று அவள் குத்தியது இப்போது ஞாபகம் வந்தது. முகம் தெரிந்திருக்கும். பெரிதாக்கியிருந்தால் தெரிந்திருக்கும்.

அவள் உமாசுதனைப் போனில் கூப்பிட்டாள். "சார், அந்தப் பங்களாப் படம் அவங்ககிட்ட இருக்குமாங்க? ஒரு தரம் வேணும்." விசாரித்துச் சொல்கிறேன் என்றார். பத்து நிமிஷத்தில் திரும்பக் கூப்பிட்டார். "அந்தப் பழைய பிரேமெல்லாம் பூஞ்சணம் பிடிச்சுக் கிடந்ததாம், போன கிழமை குப்பையோட சேர்த்து எரிச்சுப் போட்டினமாம். ஏன், உம்மட்ட இருக்கிற ஸ்கேன் போதாதோ?"

"ஒன்னுமில்லைங்க சார்."

அப்புறம் அப்பாவைக் கூப்பிட்டாள். மாயாண்டி வேலை முடிந்து வீட்டுக்கு வந்திருந்தார். பின்னால் அடுப்பு ஊதும் சத்தம் கேட்டது.

"அப்பா, அம்மா மொகம் ஒங்களுக்கு ஞாபகம் இருக்கா?"

அடுப்பு ஊதும் சத்தம் நின்றது.

"மொதல்ல எல்லாம் இருந்துச்சு. இப்ப கண்ணு மட்டுந்தான் வருது. மத்தது கலைஞ்சு போச்சும்மா. ஒன்னையப் பாத்தாவது தெரியுமான்னு பாப்பேன். நீ என்னையத்தானே உரிச்சு வச்சிருக்க." பிறகு, "மழையா இருக்கு, நேரத்தோட பஸ் ஏறு தாயி" என்றார்.

சரிங்கப்பா என்று வைத்தாள். அவளுக்கு அழுகை வந்தது. மிஞ்சியிருந்த ஒரே முகத்தைத் தன் கையாலேயே மூடிவிட்டிருந்தாள்.

கணினியை அணைத்துவிட்டு அப்போதே படியிறங்கியிருக்கலாம். பயமாகத்தான் இருந்தது. ஆனால் அந்த நீலத்தின் கீழே ஒரு முகம் இருந்தது.

சக்கரத்தை உருட்டினாள்.

ஆறு. நீலம் சரிவை விட்டு வெளியே வந்திருந்தது. இப்போது அது புள்ளி இல்லை, விரல் நீளம். தலை குனிந்து ஏறி வரும் ஒருத்தி. கொங்காணியின் நிழலில் முகம் தெரியவில்லை. மறுபடி உருட்டினாள். ஏழு. முதுகில் கூடை இல்லை. மார்போடு எதையோ அணைத்துப் பிடித்திருந்தாள், குழந்தையைப் பிடிப்பதுபோல. கீழே ரோட்டில் பஸ்ஸுக்கு ஆள் கூப்பிட்ட குரல் எப்போது நின்றது என்று சுலக்ஷனாவுக்குத் தெரியவில்லை. தூறலும் கேட்கவில்லை. கடையே பஞ்சுக்குள் வைத்ததுபோல் இருந்தது. அந்த அமைதிக்குள் சக்கரம் உருளும் மெல்லிய டிக் டிக் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

எட்டு.

வராந்தாத் தூண்களுக்கு நடுவில் நின்றாள். பிளாஸ்டிக்கில் தண்ணீர் ஓடியது. அசையாத படத்தில் தண்ணீர் மட்டும் ஓடியது. மஞ்சள் ஒட்டின் தையல் ஒவ்வொன்றும் தெரிந்தது. கோணல் தையல். அம்மாவுக்குத் தையல் வராது.

"அம்மா," என்றாள் மெதுவாக. "கொஞ்சம் நிமிருங்கம்மா."

நிமிரவில்லை. மறுபடி உருட்டினாள்.

பத்து.

எழுத்துகளோடு எழுத்தாக. கண்ணாடியில். திரை முழுக்க நீலம். சுலக்ஷனா நாற்காலியைப் பின்னால் தள்ளினாள். சுவர் இடித்தது. கடை சின்னது, அதற்கு மேல் இடமில்லை. சக்கரத்தைத் தொடாமல் இருந்தால் போதும் என்று நினைத்தாள். தொடாமல் இருந்தால் அம்மா அப்படியே நிற்பாள். நாளைக்குக் காலையில் கடைக்காரர் வந்து அழித்துவிடுவார். முகம் தெரியாமலே அழிந்துவிடும்.

கையை நீட்டி, ஒரே ஒரு தரம் உருட்டினாள்.

பக்கம் பத்தில் போனது. நீலம் பன்னிரண்டில் போனது. எழுத்துகளைத் தாண்டி, திரையின் மேல் விளிம்பைத் தாண்டிப் போய்விட்டது. திருப்பி உருட்டினாள். தூண் வந்தது. சரிவு வந்தது. மலை. வானம்.

அம்மா வரவில்லை.

பக்கத்தைவிட வேகமாகப் போவது கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருக்கிறது. கணக்கு சுலக்ஷனாவே போட்டது.

பாண் வாசம் போய்விட்டிருந்தது. ஈர மண். வேரோடு பிடுங்கிய மண். மேல்மாடியில்.

மடியில் பாரம்.

குனிந்து பார்த்தாள். பள்ளிக்கூடப் பை. சேறு வழிந்துகொண்டிருந்தது. வார் அறுந்த இடத்தில் அம்மா போட்ட முடிச்சு.

பக்கத்தில் பிளாஸ்டிக் சரசரத்தது.

"நான் கேட்டிருக்கக் கூடாதும்மா," என்றாள். "பை வேணாம். எனக்குப் பை வேணாம்மா."

மூச்சுச் சத்தம் இல்லை. சேறு சொட்டும் சத்தம் மட்டும். கொங்காணி மெல்லப் பின்னால் சரிந்தது.

முகம் இருக்க வேண்டிய இடத்தில் தேயிலை. நெற்றியிலிருந்து நாடிவரை. பூச்சி அரித்த ஓட்டை இலை. அதன் கீழே அதே ஓட்டை இலை. பக்கத்தில் அதே இலை. நேற்று அவள் குத்தியது குத்தியபடியே இருந்தது.

இலைகளுக்கு அடியில் ஏதோ அசைந்தது. கண் இமைப்பதுபோல.

சுலக்ஷனா கையை நீட்டினாள். விரலுக்குத் தெரிந்த வேலைதான், பள்ளிக்கூட விடுமுறையெல்லாம் அம்மாவோடு நின்று செய்ததுதான். முதல் கொழுந்தைக் கிள்ளினாள். காலடியில் போட்டாள். கண் தெரியும் என்று பார்த்தாள்.

அடியில் இலை. அதே ஓட்டை.

கிள்ளினாள். அடியிலும் அதே.

மடியிலிருந்த பைக்குள் போட்டாள். பை நிறைந்தது. தரையில் போட்டாள். ஜன்னல் கறுத்துக்கொண்டு வந்தது. விரல் நுனி பச்சையாகி, பிறகு சிவந்தது. அம்மா கோபிக்கவில்லை, விலகவும் இல்லை. மகளுக்கு எட்டட்டும் என்று முகத்தை இன்னும் கொஞ்சம் குனிந்து கொடுத்தாள்.

சுலக்ஷனா கிள்ளிக்கொண்டே இருந்தாள்.