படிக்கு அடியில் பெருக்காத இடம்

"துடைப்பத்தைக் கீழ போடுங்க... தயவுசெஞ்சு."

ரிக்கே திரும்பினாள். நிலவறைப் படியில் ஓர் உயரமான ஆள், மழையில் நனைந்து சொட்டிக்கொண்டிருந்தான். சாம்பல் நிறக் கண்கள். அழகான கண்கள்தான்... ஆனால் அவளைக் கொலைகாரியைப் பார்ப்பதுபோல் பார்த்தன.

"இந்த வாரம் பெருக்கற முறை என்னுது. வாசல், படி, நிலவறை. முறைப் பலகை என் கதவுலதான் தொங்குது. சனிக்கிழமை பெருக்கலன்னா எஸ்லிங்கன் ஊரு முழுக்கப் பேசும். நீங்க யாரு?"

"ஹென்னிங். தொல்லியல் ஆளு. இங்க மண்ணுல ஒரு கறுப்புக் கோடு இருந்துச்சே?"

"அந்த அழுக்கா? வாளியில இருக்கு."

அவன் படியிலேயே உட்கார்ந்துவிட்டான்.

"அது அழுக்கு இல்லைங்க... வீடு."

எழுநூறு வருஷத்துக்கு முன்னால் இங்கே ஒரு மரச்சட்ட வீடு நின்றதாம். அதன் அடிக்கட்டை மக்கிப்போய் மண்ணில் விட்டுச்சென்ற கறைதான் அந்தக் கோடு. நேற்று மாலைதான் அவன் கண்ணில் பட்டது. அளந்து படம் எடுக்க இன்று வந்திருக்கிறான். திங்கட்கிழமை இங்கே கான்கிரீட் கொட்டுகிறார்கள்... ரிக்கேயின் அப்பா பிரெட்சல் ரொட்டி சுடப்போகும் புது அடுப்புக்காக.

"கயிறு கட்டியிருந்தேனே?"

"அவிழ்த்துச் சுருட்டி ஆணியில மாட்டியிருக்கேன்."

"எங்க வடக்குல சனிக்கிழமை மனுஷங்க தூங்குவாங்க."

"தெரியுது. கசங்கின சட்டையப் பார்த்தாலே."

முறைத்துவிட்டு மேலே ஏறினாள். கடைசிப் படியில் ஏனோ திரும்பிப் பார்த்தாள். சன்னலில் மழை வழிந்தது. அவன் மண்டியிட்டு, வெறும் தரையை விரல் நுனியால் தடவிக்கொண்டிருந்தான்... தூங்குகிறவர்களைத் தொடுவதுபோல.



அந்தக் கோடு படிக்கு அடியிலும் போயிருந்தது. அங்கே அவள் பெருக்கவில்லை. ஆப்பிள் பெட்டிகளை நகர்த்தச் சோம்பல். சொன்னால் அங்கே தோண்டுவார்கள், அப்பாவின் அடுப்பு வேலை நின்றுவிடும். அதைவிட... பெருக்காமல் விட்டதை வெளியூர்க்காரனிடம் எப்படிச் சொல்வது? சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது.

இறங்கி வந்தாள்.

"சிரிக்கக் கூடாது."

"சிரிக்கிற நிலைமையிலயா இருக்கேன்?"

"படிக்கு அடியில நான் பெருக்கல. எப்பவுமே... பெருக்கறதில்ல."

அவன் சிரிக்கவில்லை. இருவரும் சேர்ந்து பெட்டிகளை இழுத்தார்கள். தூசிக்கு அடியில் கறுப்புக் கோடு அப்படியே கிடந்தது. ஓரிடத்தில் திரும்பியது. வீட்டின் மூலை.

தோளோடு தோள் உரச மண்டியிட்டிருந்தார்கள். அவன் கோட்டை ஒரு முறை பார்த்தான். பிறகு அவளையே பார்த்தான்.

"அடுப்பு தள்ளிப்போகும். உங்க அப்பா என்ன சொல்வாரு?"

"கத்துவாரு. கத்தி முடிச்சதும் உங்களுக்கு பிரெட்சல் குடுப்பாரு. நான் பார்த்துக்கறேன்."

"ஏங்க சொன்னீங்க?"

ரிக்கே கையிலிருந்த தூசியைத் தட்டினாள்.

"நீங்க இந்தத் தரையைப் பார்த்த மாதிரி... என்னை யாரும் பார்த்ததில்ல. பார்த்தா நல்லா இருக்கும்னு தோணுச்சு."

"துடைப்பத்தோட நின்னீங்களே, அப்பவே பார்த்துட்டேன். கோபத்துல இருந்தேன், அதான் சொல்ல முடியல... பிடிச்சிருக்கு உங்கள."

ரிக்கே ஒரு பெட்டியை இன்னும் கொஞ்சம் தள்ளி வைத்தாள்.

"இந்த மூலையத் தோண்டி முடிக்க மாசக்கணக்குல ஆகும்," என்றான் தயங்கி.

"மெதுவாவே தோண்டுங்க," என்றாள் ரிக்கே.